சுற்றறிக்கைப்படி இருநூற்று இருபது வோல்ட்

பஸ்ரா நகரத்தில் மின்னழுத்தம் இருநூற்று இருபது வோல்ட். இதை யாரும் அளந்து பார்த்துச் சொல்லவில்லை. சுமைக் கணக்கீட்டு உயர் ஆணையத்தின் ஏழாம் எண் சுற்றறிக்கையில் அப்படித்தான் போட்டிருக்கிறது. ஆகஸ்ட் மாதத்தில் விளக்குகள் அழுது வடிவதும், மின்விசிறிகள் யோசித்து யோசித்துச் சுற்றுவதும் மக்களின் சொந்தப் பழக்கவழக்கங்கள். அவற்றுக்கு ஆணையம் பொறுப்பாகாது.

முஸாஹிம், அரசு ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை, வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் திறன் என்று பதினெட்டு வருஷமாகக் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்தவர். அதனால்தான் அவர் செய்த காரியம் அவரை அப்படி வாட்டியது. கணக்குத் தெரியாதவன் செய்திருந்தால் தெரியாமல் செய்தேன் என்று நிம்மதியாக இருந்திருப்பான். இவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் செய்தார்.

செய்தது இதுதான். ஜூன் மாத வெக்கையில் அவருடைய ஏசி ஓட மறுத்தது. பிளக்கில் மீட்டரை வைத்தால் நூற்று முப்பத்தெட்டு வோல்ட். ஏசி முனகிவிட்டு அடங்கிவிடும். இரண்டு பெண் குழந்தைகளும் ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு தரையில் புரண்டன. முஸாஹிம் கடைத்தெருவுக்குப் போய், வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். ஒரு பக்கம் நூற்று முப்பத்தெட்டு போனால் மறு பக்கம் இருநூற்று இருபது வரும். ஏசி குளிர்ந்தது. பிள்ளைகள் தூங்கின.

அப்புறம் அவர் ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டார். ஏசிக்கு இரண்டாயிரத்து இருநூறு வாட் வேண்டும். இருநூற்று இருபது வோல்ட்டில் அதற்குப் பத்து ஆம்பியர் போதும். ஆனால் தெருவில் இருப்பது நூற்று முப்பத்தெட்டுதானே. அதே வாட்டை அதிலிருந்து எடுக்க வேண்டுமானால் பெட்டி பதினாறு ஆம்பியரை உறிஞ்ச வேண்டும். பெட்டி ஒன்றும் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. அக்கம்பக்கத்து வீடுகளின் வாயிலிருந்து பிடுங்கி இவர் வீட்டுக்கு ஊட்டுகிறது, அவ்வளவுதான். தாளைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பெட்டியை அணைக்காமல் அவரும் படுத்துக்கொண்டார்.

இவர் இழுத்ததும் மற்றவர்களுக்குக் குறைந்தது. எதிர்வீட்டுக்காரரும் ஒரு பெட்டி வாங்கினார். அவருக்கு அடுத்தவரும் வாங்கினார். ஜூலை முடிவதற்குள் அந்தச் சந்தில் பெட்டி இல்லாத வீடு ஒன்றே ஒன்றுதான். அது முஸாஹிமுக்குச் சுவரோடு சுவராக ஒட்டிய அபூ ஸஃபாவின் வீடு.

அபூ ஸஃபா துறைமுகத்தில் முப்பது வருஷம் வெல்டிங் வேலை பார்த்தவர். அந்தப் புகை நெஞ்சுக்கூட்டில் தங்கிவிட்டது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் இயந்திரம் ஒன்றை மூக்குக் குழாயோடு மாட்டிக்கொண்டு, மீதி நேரத்தில் டோமினோ ஆடுவார், மீதி மூச்சில் கேலி பேசுவார். வோல்டேஜ் நூற்று இருபதுக்குக் கீழே இறங்கினால் அந்த இயந்திரம் கிறீச்சென்று கத்தும். ஜூலை முழுக்க அது கத்துவதைச் சுவருக்கு இந்தப் பக்கம் குளிரில் படுத்தபடி முஸாஹிம் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி நண்பகல் சந்து முனையில் இருந்த டிரான்ஸ்பார்மர் வெடித்தது. பக்கத்துப் பேரீச்ச மரம் பாதி கருகிப் போனது. அன்றிலிருந்து சந்துக்கு ஜெனரேட்டர்தான் கதி. அதையும் அதன் சொந்தக்காரர், எஞ்சின் சூடு தாங்காது என்று, பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை நிறுத்தி வைப்பார். அந்த நாலு மணி நேரமும் அபூ ஸஃபா சிலிண்டரில் மூச்சு விட்டார். ஒரு சிலிண்டர் இரண்டு மணி நேரம் வரும்.

முஸாஹிம் நேரே ஆணையத்துக்குப் போனார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வஃபிய்யா என்ற எழுத்தர் உட்கார்ந்திருந்தாள்.

"டிரான்ஸ்பார்மர் வெடிச்சதுக்கு நான்தாம்மா காரணம். எழுதிக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் மூன்று இழுப்பறைகளைத் திறந்து பார்த்தாள். "குத்தத்த ஒத்துக்கிற படிவம் நம்மகிட்ட இல்லீங்க சார். குத்தம் சாட்டுற படிவம்தான் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் பேரச் சொல்லுங்க, நானே நிரப்பிடுறேன்."

"என் மேல நானே சாட்டிக்கிறேனே."

"முடியாதுங்க. சாட்டுறவர் ஒருத்தர், சாட்டப்பட்டவர் ஒருத்தர். கீழ பாருங்க, ரெண்டு கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கு. ஒரே ஆள் ரெண்டு தடவ போட்டா மோசடின்னு திருப்பி அனுப்பிடுவாங்க. எதுக்கு சார் உங்களுக்கு வம்பு. புது டிரான்ஸ்பார்மர் வேணும்னா, காரணம் கண்டுபிடிக்கணும். காரணம் கண்டுபிடிக்க, கமிட்டி வரணும். கமிட்டி வரணும்னா இந்த மஞ்சத் தாளு."

முஸாஹிம் மஞ்சள் தாளில் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்துக் கமிட்டி வந்தது. ஏழு பேர். ஒருவர் மீட்டரைப் பிடிக்க, ஒருவர் அதைப் பார்க்க, ஒருவர் பார்த்ததை வாசிக்க, ஒருவர் வாசித்ததை எழுத, ஒருவர் எழுதியதைச் சரிபார்க்க, ஒருவர் தலைவருக்குக் குடை பிடிக்க, ஒருவர் தலைவர். தலைவர் பெயர் பொறியாளர் ஹிக்மத். ஐம்பது டிகிரி வெயிலிலும் கழுத்துப் பட்டையைத் தளர்த்தாதவர்.

மின்சாரமே இல்லாத கம்பியில் மீட்டரை வைத்தார்கள். முள் அசையவில்லை.

"இருநூத்தி இருபது" என்று வாசிப்பவர் வாசித்தார்.

முஸாஹிம் எட்டிப் பார்த்தார். "ஐயா, முள்ளு சைபர்ல நிக்குது."

"அது மீட்டர் காட்டுறது" என்றார் வாசிப்பவர், கொஞ்சமும் கோபப்படாமல். "நான் வாசிக்கிறது மின்னழுத்தம்."

அடுத்து ஆம்பியர். அதற்குச் சுற்றறிக்கை எதுவும் இல்லாததால் உள்ளபடியே வாசித்தார்கள். சைபர். எழுதுபவர் கணக்குப் போட்டார். இருநூற்று இருபதைச் சைபரால் பெருக்கினால் சைபர், ஆகவே சந்து எடுத்துக்கொள்ளும் திறன் சைபர் வாட். இருநூற்று இருபதைச் சைபரால் வகுத்தால் வரும் தடைக்கு அளவே இல்லை. படிவத்தில் தடைக்கு மூன்று கட்டங்கள்தான் இருந்தன. யோசித்துவிட்டுத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஓம் என்று எழுதினார். சரிபார்ப்பவர் சரி என்றார்.

ஹிக்மத் சந்துக்காரர்களைக் கூட்டிப் பேசினார். "மின்னழுத்தத்த ஆணையம் குடுக்குது. ஆம்பியர ஜனங்க எடுக்கிறாங்க. நாங்க குடுக்கிறதுல குறை வர வாய்ப்பே கிடையாது, ஏன்னா அத நாங்கதான் நிர்ணயம் பண்றோம். எடுக்கிறதுலதான் எப்பவும் கோளாறு. ஆனா உங்க சந்துல ஒரு கோளாறும் இல்ல. ஒரு வாட்கூட யாரும் எடுக்கல. இப்படி ஒரு கட்டுப்பாடான சந்த நான் பாத்ததே இல்ல. பாராட்டுறேன்."

"அப்ப டிரான்ஸ்பார்மர்?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"சைபர் வாட்டுக்கு எதுக்குய்யா டிரான்ஸ்பார்மர்?"

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அபூ ஸஃபா மூக்குக் குழாயைச் சற்று விலக்கினார். "மின்சாரம் இல்லாததாலதானே ஐயா நாங்க எடுக்கல. சோறு போடாம வச்சிட்டு, இவனுக்குப் பசியே இல்லன்னா எப்படி?"

ஹிக்மத்துக்கு அது நியாயமாகப் பட்டது. மின்சாரம் இருக்கும்போது அளக்க வேண்டும் என்று குறிப்பெழுதிக்கொண்டு போனார்.

எட்டு நாள் கழித்து, லாரியில் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரை ஏற்றிக்கொண்டு கமிட்டி திரும்ப வந்தது. அளப்பதற்காகப் பத்தே பத்து நிமிஷம் மின்சாரம் கொடுப்பார்கள். அளந்ததும் லாரி போய்விடும். அதை இங்கேயே விட்டுவிட்டுப் போகக்கூடாதா என்று யாரோ கேட்டதற்கு, அது அளவுக் கருவி, மின்சாரம் கொடுப்பதற்கானது அல்ல என்று பதில் வந்தது.

லாரியைக் கண்டதுமே சந்து முழுக்கப் பெட்டிகள் கட்டிலுக்கடியிலும் மெத்தை அடுக்குக்குள்ளும் போய்விட்டன. கமிட்டி வரும் நாளில் எங்கள் ஊர்ச் சந்துகளில் குற்றவாளியே இருக்க மாட்டான். முஸாஹிம் மட்டும் தன் பெட்டியைக் கூடத்தின் நடுவில், வாசலில் நிற்பவருக்குத் தெரியும்படி வைத்தார். ஏசியையும் போட்டார். கதவை விரியத் திறந்து வைத்தார். அளந்தால் பதினாறு ஆம்பியர் வரும். பிடிபடுவோம், காரணம் கிடைத்துவிடும், டிரான்ஸ்பார்மர் வந்துவிடும். பல வாரங்களுக்குப் பிறகு அவர் மனசு கொஞ்சம் லேசானது.

மின்சாரம் வந்தது. பெட்டி உறுமியது. அடுத்த நொடியே சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் கிறீச்சிட்டது. கமிட்டி அப்போது அபூ ஸஃபாவின் வாசலில் நின்றுகொண்டிருந்தது. அந்த ஒரு வீட்டை முடித்தால் அடுத்து இங்கேதான் வருவார்கள். ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளலாம் என்று முஸாஹிம் தனக்குள் சொல்லிக்கொண்டார். அபூ ஸஃபா இருமினார். இருமல் நிற்கவில்லை. கிடைத்திருக்கும் பத்து நிமிஷ மின்சாரத்தையும் அந்த மனுஷனிடமிருந்து பிடுங்குகிறோமே என்று நினைத்ததும் அவரால் நிற்க முடியவில்லை. ஓடிப்போய்ப் பெட்டியை அணைத்தார்.

இயந்திரம் கத்துவதை நிறுத்திவிட்டு ஓடத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துக் கமிட்டி அதன் ஒயரில் மீட்டரை மாட்டியது. அப்புறம் இவர் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். ஒன்றுமே ஓடவில்லை. "சைபர்" என்று வாசித்துவிட்டுப் போனார்கள். மறுபடி போடலாம் என்று முஸாஹிம் பெட்டியை நோக்கித் திரும்புவதற்குள் பத்து நிமிஷம் முடிந்து மின்சாரம் போய்விட்டது.

நான்கு நாளில் தீர்ப்பு வந்தது. அதைப் படித்துக் காட்ட முஸாஹிமைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கணக்குத் தெரிந்த அரசு ஊழியர் ஒருவர் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டுமாம். சந்தில் அப்படி இருந்தவர் அவர் ஒருவர்தான்.

ஹிக்மத்தின் அறைக் குளிரில் பல் கிட்டியது. மேஜை மேல் உலர் எலுமிச்சைத் தேநீரில் ஆவி பறந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். சந்தில் வரம்பு மீறிய ஒரே கருவி அபூ ஸஃபாவின் ஆக்சிஜன் இயந்திரம். அது எடுத்தது இரண்டரை ஆம்பியர். மின்னழுத்தம் இருநூற்று இருபது. ஆகத் திறன் ஐந்நூற்று ஐம்பது வாட். ஆனால் இயந்திரத்தின் முதுகில் எழுதியிருப்பதோ முந்நூற்று ஐம்பது.

"இருநூறு வாட் கூடுதல், வாத்தியார் சார். பட்டப்பகல் கொள்ளை."

"ஐயா, அன்னைக்கு அங்க இருந்தது நூத்தி முப்பத்தெட்டு வோல்ட்டுதான், எம் மீட்டர்ல பாத்தேன். மோட்டார் இருக்கிற மெஷினு, வோல்டேஜ் கொறஞ்சா ஆம்பியரக் கூட இழுக்கும். நூத்தி முப்பத்தெட்ட ரெண்டரையால பெருக்கிப் பாருங்க. முந்நூத்தி நாப்பத்தஞ்சு. முதுகுல எழுதினத விட அஞ்சு வாட் கம்மியாத்தான் எடுத்திருக்கு. அந்த மெஷினு மேல ஒரு தப்பும் இல்ல."

"கணக்கு நல்லாப் போடுறீங்க. ஆனா தப்பான எண்ண வச்சுப் போடுறீங்க."

"சரி, இருநூறு வாட்டுன்னே வச்சுக்குவோம். அதுக்கா ஐயா ஒரு டிரான்ஸ்பார்மர் வெடிக்கும்?"

ஹிக்மத் இதை எதிர்பார்த்திருந்தார். "ராத்திரி பகலா ஓடுதுல்ல? இருநூற இருபத்திநாலு மணி நேரத்தால பெருக்குங்க. அத முந்நூத்தி அறுபத்தஞ்சு நாளால பெருக்குங்க. மூணு வருஷமா அந்த மெஷின வச்சிருக்காரு. அம்பத்திரண்டு லட்சத்து அம்பத்தாறாயிரம். அத்தன வாட்ட எந்த டிரான்ஸ்பார்மர் தாங்கும்?"

முஸாஹிம் எழுந்து வெளியே போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். டாக்சியில் ஏற்றிக்கொண்டு வந்த பெட்டியை வராந்தா முழுக்க இழுத்து, மேஜைக்கு முன்னால் போட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இதான் ஐயா காரணம். சந்துல மொதல்ல வாங்கினது நான். பதினாறு ஆம்பியர் இழுக்கும்னு கணக்குப் போட்டுத் தெரிஞ்சேதான் வச்சிருந்தேன். என்னப் பாத்து மத்தவங்களும் வாங்கினாங்க. அதான் டிரான்ஸ்பார்மர் போச்சு. அபூ ஸஃபாவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. எம்பேர எழுதுங்க."

ஹிக்மத் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். உண்மையில் அக்கறையோடுதான் பார்த்தார்.

"இதுக்குள்ள எத்தன வோல்ட் போகுது?"

"நூத்தி முப்பத்தெட்டு."

"சுற்றறிக்கைப்படி?"

பதிலையும் ஹிக்மத்தே சொன்னார்.

"இருநூத்தி இருபது. வெளிய எத்தன வருது?"

"இருநூத்தி இருபது."

"உள்ள இருநூத்தி இருபது, வெளிய இருநூத்தி இருபது. அப்ப இந்தப் பெட்டி என்ன பண்ணுது?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணும் பண்ணல. ஒண்ணுமே பண்ணாத பெட்டி எப்படி சார் குத்தம் பண்ணும்? உங்க நல்ல மனசு புரியுது. ஆனா நல்ல மனசுக்கு இங்க கட்டம் இல்ல."

பிறகு நாற்காலியில் சாய்ந்து, ரொம்ப நட்பாகப் பேசினார். "நான் ஒண்ணும் தெரியாதவன் இல்ல, வாத்தியார் சார். எங்க வீட்டுலயும் இந்தப் பெட்டி ரெண்டு இருக்கு. நூத்தி முப்பத்தெட்டுன்னு நான் எழுதினா, மத்த எண்பத்திரண்டு வோல்ட் எங்க போச்சுன்னு மேல கேப்பாங்க. எனக்கும் தெரியாது, அவங்களுக்கும் தெரியாது. அதத் தேட ஒரு கமிட்டி போடணும். அது முடிய ரெண்டு கோடை ஆகும். அது வரைக்கும் உங்க சந்து இருட்டுல கெடக்கும். இருநூத்தி இருபதுக்குக் கீழ கையெழுத்துப் போடுங்க, நாளன்னைக்கு டிரான்ஸ்பார்மர் வந்துரும். அந்த மெஷினுக்கு மட்டும் சின்ன கட்டுப்பாடு. பகல்ல பன்னெண்டுலேருந்து நாலு வரைக்கும் ஓடாத மாதிரி கடிகார சுவிட்ச் ஒண்ணு மாட்டிருவோம். புது டிரான்ஸ்பார்மரக் காப்பாத்தணும்ல?"

இரண்டு கோடை. அபூ ஸஃபாவுக்கு இரண்டு கோடை இல்லை என்பது முஸாஹிமுக்குத் தெரியும். நாலு மணி நேரம் போனாலும் மீதி இருபது மணி நேரம் கிடைக்குமே என்று நினைத்தார். நினைத்தபோதே, தன் குற்றத்தை ஒரு நோயாளியின் தலையில் கட்டிவிட்டு அதற்கு ஒரு கணக்கும் போடுகிறோம் என்று தெரிந்தது. பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளின் விடைத்தாளில் தப்பான வோல்ட்டைச் சிவப்பு மையில் அடித்த அதே கையால் கையெழுத்துப் போட்டார். பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லி, அதற்கு ஒரு ரசீதும் கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் அபூ ஸஃபாவின் எதிரே டோமினோப் பலகை முன்னால் உட்கார்ந்தார். காய்களை எடுக்காமல் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"டிரான்ஸ்பார்மர வெடிக்க வச்சது நான்தானாமே. வஃபிய்யா பொண்ணு நம்ம எதிர்வீட்டுக்குச் சொந்தம், சேதி வந்துருச்சு." அபூ ஸஃபா மூச்சு வாங்க நிறுத்தினார். "முப்பது வருஷம் வெல்டிங் அடிச்சப்ப ஒரு பல்புகூட என்னால போனதில்ல. மூச்சு விட்டே டிரான்ஸ்பார்மரக் காலி பண்ணிட்டேன் பாத்தியா."

"அதில்லண்ணே. என் வீட்டுல ஒரு பெட்டி இருக்கு. ஜூன்லேருந்து."

"தெரியும்."

முஸாஹிம் நிமிர்ந்தார்.

"சுவரு உறுமும்யா. நான் இந்தச் சுவர்லதானே சாஞ்சு கெடக்கேன். அது உறுமுனா எம்மெஷினு கத்தும். சரி, வாத்தியார் வீட்டுப் பொண்ணுங்க தூங்கப் போகுதுங்கன்னு நெனச்சுக்குவேன். ஒரு வீட்டுலயாவது குளிருதேன்னு இருக்கும்." ஒரு காயை எடுத்து வைத்தார். "லாரி வந்த அன்னைக்கு நீ அணச்சதும் தெரியும். ஆடு, உன் முறை."

திட்டியிருந்தால் முஸாஹிம் தாங்கியிருப்பார். எந்தக் காயை வைத்தோம் என்று தெரியாமலே ஒன்றை வைத்தார். அது பொருந்தாத காய். அபூ ஸஃபா அதை எடுத்து அவர் பக்கமே தள்ளிவிட்டார்.

டிரான்ஸ்பார்மர் சொன்னபடியே வந்தது. கடிகார சுவிட்சும் வந்தது. கட்டிலுக்கடியிலிருந்து எல்லாப் பெட்டிகளும் வெளியே வந்து உறுமத் தொடங்கின. ஒரு வாரத்தில் முஸாஹிமுக்கு ஆணையத்திடமிருந்து சட்டமிட்ட சான்றிதழ் ஒன்றும் வந்தது. துல்லியமான கணக்குக்கும் பொதுநலத்துக்குமான பாராட்டு.

அவர் சுத்தியலும் உளியும் எடுத்து, நடுச்சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டார். அதன் வழியாகப் பெட்டியிலிருந்து ஒரு ஒயரை, கடிகார சுவிட்சைத் தொடாமல், அபூ ஸஃபாவின் கட்டிலோரத்து இயந்திரம் வரைக்கும் இழுத்தார். யாராவது சோதனைக்கு வந்தால் துளை தெரியக்கூடாது என்பதற்காகச் சான்றிதழை அதன் மேல் மாட்டினார். அளவெடுத்துச் செய்தது போல மறைத்தது. அன்றிலிருந்து பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் வீட்டு ஏசி நின்றுவிடும். அவர் மனைவி ஈரத் துணிகளை வாளியிலிருந்து பிழிந்து, "இந்தாங்க" என்று அவருக்கும் ஒன்றைக் கொடுப்பாள். பெட்டி நாலு மணி வரைக்கும் சுவருக்கு அந்தப் பக்கத்துக்காக உறுமும்.

முதல் நாள் அவர் ஒயரின் இந்தப் பக்கத்து முனையில் மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சான்றிதழுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எத்தன வருது வாத்தியாரே?"

"இருநூத்தி இருபது அண்ணே."

சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் கத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"கமிட்டி மீட்டர்லயா, நம்ம மீட்டர்லயா?"

"நம்ம மீட்டர்ல."

"அப்ப சரி. எழுதிக்கோ."

வேர்வை வழிய முஸாஹிம் மீட்டரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எழுதிக்கொள்ள அவரிடம் படிவம் எதுவும் இல்லை.